தனியாகப் போட்ட மொட்டை

காவல் நிலையத்தை விட்டுக் கால் மணி நேரம்தான் நடந்திருப்பேன். பிற்பகல் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டது. செருப்பு உள்ளேயே எங்கோ கிடந்தது. திரும்பிப் போய்க் கேட்கும் எண்ணம் இல்லை. லத்தியடியில் பாதங்கள் வீங்கியிருந்தன. அதைவிட வலது கைதான் கவலை. விரல்கள் பாதி மடங்கி நின்றுவிட்டன. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவனுக்கு நாளைய சோறு அந்த விரல்களில்தான்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு டீக்கடையில் என் பை இருந்தது. அதை எடுக்கத்தான் நடந்தேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: அத்தனை மொட்டைகளில் என்னை மட்டும் ஏன் பிடித்தார்கள்?

முந்தின நாள் காலை அந்த ஊர்க் கோயிலில்தான் முடியெடுத்தேன். திருவாதவூரில் இரண்டு மாதம் நெல் மூட்டை தூக்கியதில் தலையெல்லாம் தூசி, பேன். வேண்டுதல் எதுவும் இல்லை. சந்தனம் பூசிக்கொண்டு, பையை டீக்கடையில் வைத்துவிட்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க நிறுத்தத்தில் நின்றபோது போலீஸ் ஜீப் வந்தது. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்தவன் பரட்டைத்தலையாம். முடியை எடுத்துவிட்டுத் திரிவான் என்று தேடியிருக்கிறார்கள். அங்கே ஏழெட்டு மொட்டைகள் நின்றோம், ஒரு கைக்குழந்தை உட்பட.

"கூட வந்தவங்க எங்கடா?" என்றார் ஏட்டு.

"யாரும் இல்ல சார்."

"நேத்திக்கடன்னா குடும்பத்தோட வருவான். தனியா எவன்டா மொட்டை போடுவான்?"

யோசித்தால் நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. "பேனுக்குப் போட்டேன் சார்" என்றேன். முதல் தடவை சிரித்தார்கள். அடுத்த தடவை அதைச் சொன்னபோது நீட்டிய கையில் விழுந்தது. அப்புறம் காலில். அடித்து முடித்து, நின்ற இடத்திலேயே குதிக்கச் சொன்னார்கள். குதித்தால் வீங்காதாம். வீங்கியது.

மறுநாள் மதியம் சங்கிலியைப் பறிகொடுத்த பெண் வந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயோ, இவரு இல்ல சார். அவன் நல்ல ஒசரம். இவரு என் தோளுக்குக்கூட வரமாட்டாரு."

எனக்கு உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆறாம் வகுப்பு வரை படித்தவன் நான். பேனா விரலில் நிற்கவில்லை. அவர்களே எழுதி, என் இடது கட்டைவிரலை உருட்டிக்கொண்டார்கள்.

டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் என் காலைப் பார்த்தார்.

"என்னண்ணே, பழநிக்கு நடந்து போயிட்டு வாரீகளா? கால் இம்புட்டு வீங்கிக் கெடக்கு?"

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாரேன்."

அவர் ஒரு டீ ஆற்றி நீட்டினார். பெஞ்சில் இருந்த பெரியவர், கோயில் பக்கம் செருப்புக் கொட்டகை நடத்துகிறவர், என் கையை உற்றுப் பார்த்தார்.

"மூட்டை தூக்குவீகளோ?"

"தூக்குனேன். இப்ப விரல் முழுசா மடங்கல."

"எடது கை?"

"அது நல்லாருக்கு."

"டோக்கன் குடுக்க அது போதும். உக்காந்து பாக்குற வேலை. காலையில வாங்க."

காலையில் போனேன். குடும்பம் குடும்பமாக வந்து செருப்பை விட்டார்கள். எட்டு மணிவாக்கில் ஓர் ஆள், புது மொட்டை, தனியாக வந்தார்.

"கூட வந்தவங்க எங்கண்ணே?" என்று கேட்டேன்.

"யாரும் வரல. ஏன்?"

"சும்மாதான். என்ன வேண்டுதல்?"

"வேண்டுதலா? வெயிலு தாங்கல, மாப்ள."

இடது கையால் டோக்கனை நீட்டினேன். மதியத்துக்குள் அப்படித் தனி மொட்டையாக இன்னும் மூன்று பேர் வந்தார்கள்.