பேசின லிட்டர்

ரோச் அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் டீசலில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பிறந்தது புன்னைக்காயல், வயது நாற்பத்தேழு, மனைவி விஜிலா, மகள் ஜாஸ்லின் திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருஷம் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் அந்த மனுஷனுக்குப் பகல் முழுவதும் டீசல் யோசனைதான். அதற்குக் காரணம் எங்கள் லாரி ஆபீஸ். ஆபீஸ் என்று பொதுவாகச் சொல்லி நான் நழுவிக்கொள்ளக் கூடாது. அங்கே டிரிப் ஷீட் எழுதுகிறவள் நான்தான், இந்துமதி.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் பதினோரு டிரெய்லர் ஓடும் ஆபீஸ் எங்களுடையது. முதலாளி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி. மாதச் சம்பளம் என்ற பேச்சே இங்கே கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு படி. அதோடு, வண்டி கிளம்பும் முன்பே, இந்த ஊருக்குப் போய்வர இத்தனை லிட்டர் என்று பேசி முடித்துவிடுவோம். இதற்குப் பேர் ‘பேசின லிட்டர்’. மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு லாபம். வண்டி கூடுதலாகக் குடித்தால் டிரைவர் தலையில், படியில் கழித்துவிடுவோம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். வண்டி எத்தனை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ரோச் அண்ணன் மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்காரர். இருபத்து நான்கு வயதுவரை போட்டில் கடலுக்குப் போனவர். லாரியின் முன்பக்கத்தை இன்னமும் படகுக்காரர் பாஷையில் ‘அணியம்’ என்றுதான் சொல்வார். முட்டையை மிதிக்கிற மாதிரி ஆக்சிலேட்டரை மிதிப்பார். “என்னண்ணே, பாய் விரிச்சு ஓட்டுதியளோ” என்று மற்ற டிரைவர்கள் கேலி பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொள்வார். ஜாஸ்லினின் ஹாஸ்டல் செலவு அந்த மிச்சத்தில்தான் நடந்தது.

போன வருஷம் அவரைக் குளிர் கண்டெய்னருக்கு மாற்றினோம். படி ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேம்பாருக்கு வடக்கே ஒரு மீன் கம்பெனியில் உறைந்த இறாலை ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டிக்குள் மைனஸ் பதினெட்டு இருந்தாக வேண்டும். அதற்காகப் பெட்டியோடு ஒரு ஜென்செட், அதாவது சின்ன ஜெனரேட்டர், ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கு மூன்று லிட்டர் டீசல். அதற்கும் அண்ணாச்சி லிட்டர் பேசினார். ஆறு மணி நேரம். அதற்கு மேல் ஓடினால் டிரைவர் பொறுப்பு.

ஆனி மாதம் அது. ரோச் அண்ணன் காலை ஐந்து மணிக்கு லோடு ஏற்றி, எட்டரைக்கெல்லாம் துறைமுக வரிசையில் வந்து நின்றுவிட்டார். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“இந்து, காத்து பேயா அடிக்கு. கிரேன நிப்பாட்டிட்டானுவ. எனக்கு முன்னால அறுவது வண்டி நிக்கு. ஜென்செட்டுக்குப் பேசின லிட்டரு தீந்துட்டு. இனிமே ஓடுததுக்கு யார் டீசலு? அண்ணாச்சிட்ட கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். அண்ணாச்சி பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. “காத்தடிச்சா அதுக்கும் நாந்தான் டீசல் போடணுமா? பேசுனது பேசுனதுதான்னு சொல்லு.”

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்படியே ரோச் அண்ணனிடம் ஒப்பித்தேன். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஜென்செட் உறுமிக்கொண்டிருந்தது. மணிக்கு முந்நூறு ரூபாய் என்று வைத்தால்கூட, சாயங்காலம் வரை நின்றால் அந்த டிரிப் படி முழுக்கப் போய்விடும். வெயிலில் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நிமிஷம் தன் காசு எரிவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பன்னிரண்டரைக்கு மறுபடி போன். “நாலு வண்டி நவுந்திருக்கு” என்றார். பிறகு, “ஜாஸ்லினுக்கு இருவதாம் தேதி பீஸு கட்டணும்” என்றார்.

ஒன்றரைக்கு மூன்றாவது போன் வந்தபோது பின்னால் உறுமல் இல்லை.

“என்னண்ணே, சத்தத்தையே காணும்?”

“கொஞ்சம் ஓஞ்சு நிக்கட்டும்னு அமத்திட்டேன். மூடுன பெட்டிதான? போட்டுல வெறும் ஐஸ வச்சே ஏழு நாளு மீனு கெடாம கொண்டாந்திருக்கோம். மூடியத் தொறக்காட்டா ஒண்ணும் ஆவாது. நீ அண்ணாச்சிட்ட சொல்லிராத.”

அந்தப் பெட்டிக்கு உள்ளேயே ஒரு கருவி இருக்கிறது, எப்போது நின்றது, எத்தனை டிகிரி ஏறியது என்று அதுவே பதிந்துகொள்ளும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டிரைவருக்கு எதற்கு அந்த விவரம் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தரவில்லை. ‘போடுங்கண்ணே’ என்று சொல்ல வாய் வந்தது. போட்டால் யார் டீசல் என்று கேட்பாரே. “பாத்துக்கோங்கண்ணே” என்று சொல்லி வைத்துவிட்டேன். கைகழுவ நினைக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது.

காற்று தணிந்து வரிசை நகர்ந்ததும் நாலேகாலுக்கு அவர் ஜென்செட்டைப் போட்டார். ஐந்து மணிக்குத் துறைமுக வாசலில் பார்த்தபோது மைனஸ் பதினைந்தரை. பதிவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் ஜென்செட் நின்றிருந்தது. கண்டெய்னரை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இறால் கெட்டிருந்தால் நாற்பது லட்சம் நஷ்டம். அந்தத் தொகையை ரோச் அண்ணனிடம் யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலை ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர் டீயைக்கூடத் தொடவில்லை. விஜிலா அக்கா போன் பண்ணும்போதெல்லாம் “வரிசைதான், வரிசைதான்” என்று பொய் சொன்னார். வீட்டை விற்றால்கூட எவ்வளவு தேறும் என்று என்னிடம் கேட்டார். நான் டிரிப் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு மீன் கம்பெனி ஆள் பெட்டியைத் திறந்து சோதித்தார். இறால் கல் மாதிரி இறுகிக் கிடந்ததாம், ஒன்றும் ஆகவில்லை. மீனைப் பற்றி ரோச் அண்ணன் சொன்னது சரிதான். அவர் சிலுவை போட்டுக்கொண்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆனாலும் மீன் கம்பெனி விடவில்லை. ஏன் நின்றது, யார் நிறுத்தியது என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“அவனாத்தான் அமத்திட்டான், ஆபீசுக்குத் தெரியாதுன்னு ஒரு லெட்டர் அடிச்சு அவன்ட்ட கையெழுத்து வாங்கிரு. இனிமே கம்பெனிக்காரன் அவன உள்ள விட மாட்டான். உப்பு லோடுக்கு மாத்திருவோம்.”

உப்பு லோடு என்றால் பாதிப் படி. ஜாஸ்லின் படிப்பு அதில் நடக்காது.

லெட்டரை அடித்தேன். அண்ணாச்சி சொன்னதைத்தான் அடிக்க ஆரம்பித்தேன். ‘ஆபீசுக்குத் தெரியாது’ என்ற இடத்தில் கை ஓடவில்லை. அதை விட்டுவிட்டு என் பேரைப் போட்டே இப்படி அடித்தேன்: ‘பதினோரு மணிக்கு ஓட்டுநர் போனில் கேட்டார். டீசல் அவர் பொறுப்பு என்று ஆபீசில் இருந்து நான் சொன்னேன். ஜென்செட் நின்றது ஒன்றரை மணிக்கே எனக்குத் தெரியும்.’ அடித்து முடித்ததும் முதல் நாளில் இருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்தது கொஞ்சம் இறங்கியது. இதைப் படித்தால் கம்பெனிக்காரர்கள் அண்ணாச்சியிடம்தான் கேள்வி கேட்பார்கள். ரோச் அண்ணன் தப்பிக்கக்கூட வழியுண்டு.

தாளை அவரிடம் நீட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

“ஏளா, இத எடுத்துரு.”

“உள்ளதுதானண்ணே.”

“உள்ளதுதான். இதப் பாத்தா அண்ணாச்சி உன்ன வச்சிருப்பாரா? எனக்கு உப்பு லோடாவது கெடைக்கும். உனக்கு என்ன கெடைக்கும்?”

அண்ணாச்சியிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் அந்த மூன்று வரியையும் அடித்தேன். அவர் இன்னொரு தடவை சொல்லட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. அண்ணாச்சி கேட்டபடியே மாற்றி அடித்து, வேறு தாளில் எடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவருக்குக் காட்டினேன்.