இருட்டுக்கு விதி எழுதப் போய்...

போன வருடம், குற்றால சீசன் முடிந்து தென்காசியில் கூட்டம் குறைந்திருந்த சமயம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான், என் கணவர், என் தம்பி, கல்லூரித் தோழி ஒருத்தி, நால்வரும் கதை விளையாட்டு விளையாடுவோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் காட்டிலும் குகையிலும் அலைய வேண்டும். எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான்.

விளையாட்டுப் புத்தகத்தில் இருட்டைப் பற்றிய விதி எனக்குப் பிடிக்கவில்லை. இருட்டில் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். நிஜத்தில் கண் மெல்ல மெல்லப் பழகுமே! அதனால் நானே புது விதி எழுதினேன். இருட்டில் இருக்க இருக்கப் பார்வை எட்டும் தூரம் கூடும். நிறம் மட்டும் தெரியாது. யாராவது பந்தம் கொளுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

என் கணவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "இருட்டுன்னா இருட்டுதான்ட்டி. எந்த மனுசனுக்கும் ஒண்ணும் தெரியாது. புஸ்தகத்துல இருக்கதுதான் சரி" என்று அடித்துப் பேசினார். சோதித்தே பார்த்துவிடலாம் என்றாள் தோழி.

அமாவாசையை ஒட்டிய ஒரு நாள், இருட்டியதும் இலத்தூர் பக்கம் தோழி வீட்டு வயலுக்குப் போனோம். கைப்பேசிகளைக் காரிலேயே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தோம். முதலில் எல்லாமே மை. கொஞ்ச நேரத்தில் தென்னைகளின் உச்சி தெரிந்தது, பிறகு வரப்பு, பிறகு தோழியின் முகம்கூட மங்கலாக. எனக்கு ஒரே பெருமை.

அடுத்ததுதான் சோதனை. வெள்ளைச் சட்டை போட்ட தம்பி தூரத்திலிருந்து சத்தமில்லாமல் நடந்து வருவான். கண்ணுக்குத் தெரிந்தவுடன் அவரவர் பேசாமல் கையைத் தூக்க வேண்டும். நான் தூக்கினேன். தோழியும் தூக்கினாள். கணவர் தூக்கவில்லை. தம்பி வந்துகொண்டே இருந்தான். கடைசியில் அவருக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றான்.

அவர் அவனை நேருக்கு நேர் பார்த்தபடியே, தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார். "ஏ மாப்ள, இன்னும் கெளம்பலையா? கொசு கடிக்கி, சீக்கிரம் வா!"

தம்பி சிரித்துவிட்டான். "அத்தான், உங்க முன்னாலதான நிக்கேன். வெளையாடாதீய."

அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். நான் அவர் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமைகூட அசையவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... உங்களுக்கெல்லாம் நெசமாவே தெரியுதா?"

எனக்குச் சட்டென்று அவருடைய பைக் ஞாபகம் வந்தது. அவர் வேலை பார்ப்பது கேரள எல்லையில், புளியறையில். இருட்டிய பிறகுதான் பைக்கில் திரும்புவார். எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஹெட்லைட் விழுத எடம் தெரியும்லா. மத்தபடி முன்னால போற லாரியோட செவப்பு லைட்டப் பாத்தே வந்துருவேன். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுதாங்கன்னு நெனச்சேன்."

முந்தின வாரம் எங்கள் மகளை முன்னால் உட்கார வைத்து அதே இருட்டில் கூட்டி வந்திருந்தார்.

திருநெல்வேலியில் கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு, சத்துக் குறைவால் வரும் மாலைக்கண் இல்லை, பரம்பரையாக வரும் விழித்திரை நோய் என்றார். பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கத் தொடங்கியிருந்தது. இனி பைக்கே தொடக்கூடாது, இதுவரை ஒன்றும் ஆகாததே பெரிய விஷயம் என்றார். மகளையும் காட்டினோம். இப்போதைக்குப் பயமில்லை, வருடா வருடம் பார்க்க வேண்டும்.

இப்போது அவர் பஸ்ஸில்தான் போய் வருகிறார். இருட்டிவிட்டால் தம்பி ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டி வருவான். அன்றைக்கு டாக்டரிடமிருந்து திரும்பும்போது எனக்கு ஒன்று உறைத்தது. கல்யாணமான புதிதிலிருந்தே தியேட்டர் இருட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டேதான் வருவார். நான் அதைப் பிரியம் என்று எண்ணிப் பூரித்திருக்கிறேன். கேட்டேவிட்டேன். கொஞ்சம் யோசித்து, "பிரியமுந்தான்" என்றார்.

நமக்குத் தெரிவதுதான் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிகிறது என்று நம்பிக்கொண்டு, ஒரே வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறோமே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.