காப்பீட்டில் இரண்டாவது பெயர்

ரேயடர் ஊரில் நெஸ்டா பஃப்டனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சாம்பல் நிறக் காரைத்தான் தெரியும். விடிந்ததும் விடியாததுமாக அது மலைச்சாலையில் ஏறிவிடும். வீட்டோடு முடங்கிவிட்ட வயதானவர்களை எழுப்பி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, ரொட்டி வாட்டி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற வேலை அவளுக்கு. வயது ஐம்பத்தேழு. கணவன் இட்வால் மரக்கடையில் வேலை பார்த்தவன். அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. மற்ற வீடுகளில் அந்தக் கணக்கு சரியாக வரும். ஏரிக்கு மேலே தனிப் பண்ணை வீட்டில் இருந்த மிஸ் கிட்டின்ஸிடம் மட்டும் வராது. மிஸ் கிட்டின்ஸ் ஒரு காலத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர். ஊர் பேசியதையெல்லாம் கேட்டே வாழ்ந்துவிட்டு, இப்போது பேச ஆள் இல்லாமல் கிடந்தார். நெஸ்டா கிளம்புவதற்காகக் குளிர்கோட்டை மாட்டும்போதுதான் அவருக்கு ஏதாவது ஞாபகம் வரும். நெஸ்டாவும் உட்கார்ந்துவிடுவாள். இரக்கப்பட்டு உட்கார்ந்தாள் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. அன்றைய நாளில் அவளிடம் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். அங்கே செலவான நேரத்தை இறங்கும் வழியில் சாலையில்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வேல்ஸ் முழுக்க ஊர்களுக்குள் மணிக்கு முப்பது மைலாக இருந்த வேக வரம்பை அரசாங்கம் இருபதாக்கியிருந்தது. பலகைகள் மாறிவிட்டன, நெஸ்டாவின் கால் மட்டும் முப்பதிலேயே நின்றது. முதல் தடவை வேகக் கேமராவில் மாட்டியபோது ஓட்டுநர் உரிமத்தில் தண்டனைப் புள்ளி போடாமல் வகுப்புக்குப் போகச் சொன்னார்கள். கணினித் திரையில் ஒரு காலை முழுவதும் வகுப்பு நடந்தது. எல்லோரும் பெயர் சொல்லி, எங்கே எதற்காக வேகமாகப் போனோம் என்று சொல்ல வேண்டும். ஒரு கொத்தனார், ஒரு பல் மருத்துவர், கல்யாணத்துக்குத் தாமதமாகப் போன ஒரு மாப்பிள்ளை. முடிந்து திரை அணைந்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. அந்தத் தண்டனை அவளுக்குப் பிடித்திருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில், ஆலங்கட்டி மழை பெய்த ஒரு காலையில் இரண்டாவது தடவை மாட்டினாள். அன்று மிஸ் கிட்டின்ஸின் கிழட்டு நாய் செத்துப்போயிருந்தது. அவர் அழவில்லை, நாயின் தட்டைக் கழுவித் துடைத்து, மறுபடியும் கழுவிக்கொண்டே இருந்தார். நெஸ்டாவால் எழுந்து வர முடியவில்லை. வந்தபோது வெகு நேரமாகிவிட்டிருந்தது. கீழே பழைய தேவாலயத்து வளைவில் கேமரா வைத்த வெள்ளை வேன் நின்றிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வகுப்பு என்கிற சலுகை. இந்தத் தடவை அபராதமும் உரிமத்தில் மூன்று புள்ளியும் விழுந்தன.

வேலைகளைப் பிரித்துக்கொடுக்கும் கேரிஸ் அலுவலகத்தில் இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அபராதத்த விடு, ஒரு தடவ கட்டினா முடிஞ்சுபோச்சு. இன்ஷூரன்ஸ்காரன் இருக்கான் பாரு, அவன் அஞ்சு வருஷத்துக்கு அதையே கேப்பான். எங்க வீட்டுக்காரருக்கு ஏத்தினதுல அந்த வருஷம் ஸ்பெயினுக்கே போகல நாங்க."

சொல்லாமல் மறைத்தால் என்ன என்று நெஸ்டா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். நாளைக்கு ஏதாவது இடித்துவிட்டால் காப்பீடே செல்லாது என்பார்கள். காப்பீடு இல்லையென்றால் கார் இல்லை, கார் இல்லையென்றால் வேலை இல்லை. புதுப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை நாளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து தொலைபேசியில் அழைத்தாள். இத்தனை வருடம் அது தானாகவே புதுப்பித்துக்கொண்டுவிடும். அவள் யாரிடமும் பேசியதில்லை.

எடுத்தவள் எலெரி என்று பெயர் சொன்னாள். சின்னப் பெண்ணின் குரல். வேலைக்குப் புதிது போலிருந்தது. எவ்வளவு வேகத்தில் போனீர்கள், எந்தத் தேதி, எத்தனை புள்ளி என்று வரிசையாகக் கேட்டாள். நெஸ்டாவும் வரிசையாகச் சொன்னாள்.

"சரி மேடம். கூட ஓட்டறவர்னு மிஸ்டர் இட்வால் பஃப்டன் பேரு இருக்கு. அவருக்கு ஏதாவது புள்ளி இருக்கா?"

"இல்ல. அவருக்கு ஒண்ணுமே கிடையாது."

அது உண்மைதான். இட்வால் ஆட்டுமந்தைக்குப் பின்னால்கூடப் பொறுமையாகப் போகிறவன். நெஸ்டா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. எதையோ எழுதி நிச்சயமாக்குகிற சத்தம்.

"அவர் இறந்துட்டார்" என்றாள் நெஸ்டா.

சத்தம் நின்றது.

"அய்யோ, மன்னிச்சுக்கங்க மேடம். எப்போ?"

"மூணு வருஷமாச்சு."

இட்வால் இறந்த மாதத்தில் நெஸ்டா எத்தனையோ பேரிடம் இதைச் சொன்னாள். வங்கியில், ஓய்வூதியக்காரர்களிடம், மின்சாரத்துக்கு, தண்ணீருக்கு, பல் மருத்துவமனைக்கு. ஒவ்வொருவரும் வருத்தம் தெரிவித்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் பெயர் கேட்டார்கள். கார் காப்பீடு அந்தச் சுற்றில் விட்டுப்போயிற்று. அடுத்த வருடம் புதுத் தாள் வந்தபோது இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருந்தன. வீட்டுப் பத்திரம், வரிச் சீட்டு, கதவு மணிக்குப் பக்கத்துச் சீட்டு எல்லாவற்றிலும் அவள் தனியாகிவிட்டிருந்தாள். இதிலாவது இருக்கட்டும் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள். யாருக்கும் நஷ்டமில்லாத காரியம் என்றுதான் அப்போது தோன்றியது.

எலெரி கண்டிக்கவில்லை. பெயரை எடுத்தாக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். எடுத்துவிட்டுப் புதுத் தொகையைச் சொன்னாள். போன வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. புள்ளியால் ஏறியது பாதி, இட்வால் போனதால் ஏறியது மீதி. ஒழுங்காக ஓட்டுகிற இன்னொரு ஆளின் பெயரும் இருந்தால், அந்த வண்டி பாதி நேரம் நல்ல கையில் இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்களாம்.

"வேற யாராவது இருந்தா சேக்கலாம் மேடம். புள்ளி இல்லாதவங்களா இருக்கணும். தங்கச்சி, சிநேகிதி, பக்கத்து வீட்டுக்காரங்க, யாரா இருந்தாலும் சரி. ஆனா பேருக்கு மட்டும் போடக்கூடாது, அப்பப்ப நெசமாவே ஓட்டணும். அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

நெஸ்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கொடியில் ஒற்றைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள்.

யோசித்தாள். இட்வாலின் அக்கா ஷ்ரூஸ்பரியில் இருந்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையோடு சரி. கேரிஸுக்குச் சொந்தக் கார் இருந்தது, இரண்டு பையன்கள் இருந்தார்கள், மூச்சுவிட நேரமில்லை. கைபேசியில் இருந்த பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பெரும்பாலும் அவள் பார்த்துக்கொள்கிற கிழவர்கள், அவர்களுடைய மகள்கள். சில பெயர்களுக்கு உரியவர்கள் இறந்தே போயிருந்தார்கள். தன் காரை ஓட்டித்தரச் சொல்லிக் கேட்கிற அளவுக்கு நெருக்கமானவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

கடைசியில் மிஞ்சியவர் பக்கத்து வீட்டு ஹெய்டன் ஹேமர். ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகப் பதினோரு வருடம் வாழ்ந்தும், எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது என்பதைத் தாண்டிப் பேச்சுப் போனதில்லை. வாழ்நாள் முழுக்கத் தபால் வேன் ஓட்டியவர். மனைவி போன பிறகு ஆள் இன்னும் சுருங்கிவிட்டார். இரண்டு கோடைக்கு முன் தன் காரை விற்றுவிட்டார். கஞ்சத்தனம் என்று நெஸ்டா நினைத்துக்கொண்டாள். சமீபகாலமாக எதிரே வந்தால்கூட முகம் கொடுப்பதில்லை.

வெறுங்கையோடு போக வேண்டாமென்று வெல்ஷ் கேக் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கதவைத் தட்டினாள். அவர் கதவைத் திறந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, குரல் வரும்வரை காத்திருந்தார். உள்ளே நாற்காலி தொலைக்காட்சிக்கு முட்டிக்கொள்கிற மாதிரி கிடந்தது. நெஸ்டா எல்லாவற்றையும் சொன்னாள். புள்ளி, தொகை, இட்வால் பெயர், எடுத்துவிட்டது, எல்லாம். மாதத்துக்கு ஒரு நாள் சந்தைக்கு ஓட்டிப்போனால்கூடப் போதும் என்றாள். கேட்டு முடித்ததும் அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

ஹெய்டன் தலையை ஆட்டினார்.

"நான் ஓட்டறதில்லம்மா."

"தெரியும், வண்டிய வித்துட்டீங்க. என் வண்டியத்தான் சொல்றேன்."

"லைசென்ஸே இல்ல. நானே திருப்பி அனுப்பிட்டேன். கண்ணு போயிடுச்சு, நடுவுல ஒரே கறை. ஓரமா இருக்கறது மட்டுந்தான் தெரியும். இப்ப உங்களப் பாக்கறேன், முடி தெரியுது, காது தெரியுது. மூஞ்சி இல்ல."

நெஸ்டா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேருடைய கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறவள் அவள். அடுத்த வீட்டில் ஒரு மனிதர் சுவரைத் தடவித் தடவி நடப்பது தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்டச் சொல்ல?" என்றார். குறையாகச் சொல்லவில்லை; நிஜமாகவே கேட்டார். "தெருவுல உங்களுக்குக் குட்மார்னிங் சொல்லாமப் போயிருப்பேன். திமிர் புடிச்ச கெழவன்னு நெனச்சிருப்பீங்க."

"நெனச்சேன்."

"நானும் உங்கள அப்படித்தான் நெனச்சேன். நம்ம கணக்குத் தீந்துபோச்சு." பிறகு குரல் கொஞ்சம் இளகியது. "எங்க புடிச்சான் உங்கள?"

"தேவாலயத்து வளைவுல. முப்பத்தொண்ணு."

"அங்கயா? அங்க நான் நாப்பதுல திரும்பியிருக்கேன், தபாலோட. அப்ப யாரும் எண்ணல."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, வந்த காரியம் நடக்காமலே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காப்பீட்டுக்காரர்களை அழைத்தபோது எலெரிக்குப் பதிலாக வேறு யாரோ எடுத்தார்கள். வேறு ஓட்டுநர் யாரும் இல்லை, என் பெயர் மட்டும்தான் என்று சொல்லி, மாதத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டாள். அதற்காகச் சனிக்கிழமை வேலையையும் எடுத்துக்கொண்டாள்.

உண்மையான விலை மலைமேல்தான் வசூலானது. இன்னொரு மூன்று புள்ளி விழுந்தால் அந்தத் தொகையை அவளால் நினைத்தும் பார்க்க முடியாது. அதனால் எந்த வீட்டிலிருந்தும் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். இனிமேல் உட்கார முடியாது என்று மிஸ் கிட்டின்ஸிடம் சொன்னபோது அவர் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு, "போ போ, ஒனக்கு ஆயிரம் வேல இருக்கும். நான் என்ன, இங்கதான இருக்கப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு நெஸ்டா கோட்டை எடுக்கும் முன்பே அவர் கதவைத் திறந்து வைத்துவிடுவார். அந்த மரியாதை அவளைக் குத்தியது. அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியிராதபடி அவரைக் காலைச் சுற்றின் கடைசி வீடாக மாற்றித்தரச் சொல்லி கேரிஸிடம் கேட்டாள். கேரிஸ் பார்க்கிறேன் என்றாள். மாற்றம் வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அதற்குள் மிஸ் கிட்டின்ஸ் பேச்சைக் குறைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். பழையபடி ஆக நாளாயிற்று; முழுக்க ஆகவும் இல்லை.

அதற்கு முன்பே, அந்த வருடம் மே மாதத்து ஞாயிறு ஒன்றில், குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த ஹெய்டனிடம், கடலைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று நெஸ்டா கேட்டாள். அவர் உள்ளே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார்.

போர்த் கடற்கரை வரை அவர் அதிகம் பேசவில்லை. வளைவுகளை வைத்தே இது இன்னார் பண்ணை, இங்கே நாய் கடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதில் பாதிப் பேர் போய்விட்டார்கள் என்று நெஸ்டாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. வழியில் ஓர் ஊருக்குள் பின்னால் ஒரு இளைஞன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வந்தான். அவள் இருபதைத் தாண்டவில்லை. "விடு நெஸ்டா, அவனுக்கு இன்ஷூரன்ஸ்ல பேரு சேக்க வீடு நெறைய ஆளு இருக்கும்" என்றார் அவர். அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்து வறுத்த மீன் தின்றார்கள். காற்று பலமாக இருந்ததால் பேச முடியவில்லை. கடல் தெரிகிறதா என்று ஒரு தடவை கேட்டாள். நன்றாகத் தெரிகிறது, அவ்வளவு பெரியதை ஒரு கறை என்ன செய்யும் என்றார். பக்கத்தில் ஒரு குடும்பம் நாயைத் துரத்திக்கொண்டு ஓடியது. இவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி நேராக, ஒருவர் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால்.

திரும்பி வந்ததும் அவர் நன்றி சொன்னார். அடுத்த ஞாயிறு என்று இருவருமே சொல்லவில்லை. அவர் சாவித்துவாரத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்கும்வரை நெஸ்டா வண்டிக்குள்ளேயே காத்திருந்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் காலணியில் ஒட்டியிருந்த மணலை வாசலில் தட்டினாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, விளக்கைப் போட்டாள்.