கோழி வரிசையில் இருபத்தோராவது ஆள்

எங்கள் பக்கத்து வீட்டு சொராய்தா ஐம்பத்தெட்டாவது வயதில் மூன்றாம் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்த மாதத்தில்தான் உலகம் முழுவதும் முகத்தை மூடிக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று கியூபா அரசாங்கம் சொன்னது. நானும் நம்பினேன்.

மாப்பிள்ளை நெமேசியோ, ஊரின் மறுகோடியில் முடிதிருத்துகிறவர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கண்ணிலேயே படக்கூடாது என்று அவருக்கு உத்தரவு. சொராய்தா நர்ஸ். வயதைக் காரணம் காட்டி, வீட்டிலிருந்தே தொற்றுத் தொடர்பு தேடும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் ஸ்பீக்கரில் அலறும் போன் இருக்கிறது. என் வீட்டில் அவள் ஜன்னல் இருக்கிறது.

புதன்கிழமை எங்கள் தெரு பார்பரோவுக்கு நோய் உறுதியானது. அவர் தும்மினால் எதிர்வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவும். அப்படிப்பட்டவர் முந்தின நாள் கோழிக் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் தும்மியிருக்கிறார். அன்று ஆளுக்கொன்றாக விற்றது முப்பத்தொரு கோழி. அவரைக் கழித்தால் முப்பது பேர்.

பல்கலைக்கழகத்திலிருந்து லிசாந்த்ரோ என்ற கணித வாத்தியார் போனில் வந்தார். குரலில் இன்னும் மீசை முளைக்கவில்லை.

"சிஸ்டர், இந்த நோய் ஒருத்தர்கிட்டேருந்து மூணு பேருக்குப் போகுது. பத்துல ஏழு பேரைப் புடிச்சு வீட்டுல உக்கார வெச்சா, ஒருத்தருக்கும் கம்மியாத்தான் போகும், தானா அணைஞ்சிரும். ஆறு பேரோட நின்னா பரவிட்டேதான் இருக்கும். முப்பதுல இருபத்தொண்ணு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா, சனிக்கிழமை உங்க பேட்டைய மூடிருவாங்க."

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம், கண்ணு."

"வாழ்த்துக்கள். ஆனா ஜனங்க பத்துல நாலு பேரைத்தான் ஞாபகம் வெச்சிருப்பாங்க. என் கணக்கு அப்படித்தான் சொல்லுது."

"உன் கணக்கு கோழி வரிசையில நின்னதில்ல. யாரைப் பாத்தேன்னு கேட்டா எவனும் சொல்லமாட்டான். உனக்குப் பின்னால யாருன்னு கேளு, சட்டை நிறத்தோட சொல்லுவான்."

உண்மைதான். வருகிறவர் 'கடைசி ஆள் யாரு?' என்று கேட்டு, அந்த முகத்தை மனதில் ஆணி அடித்துக்கொண்ட பிறகுதான் நிழல் தேடிப் போவார். சொராய்தா பார்பரோவில் தொடங்கி, ஒருவர் பின் ஒருவராகப் போன் போட்டு, மத்தியானத்துக்குள் இருபது பேரைப் பிடித்தாள். கணித வாத்தியார் தன் கணக்கில் பத்துக்கு நாலை எட்டாக மாற்றிக்கொண்டிருந்தபோது, வரிசை தீர்ந்துவிட்டது. பார்பரோவுக்கு முன்னால் நின்றது ஒரு பச்சைக் குடை. குடைக்காரி எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை முழுக்கக் குடையைத் தேடினாள். வெள்ளிக்கிழமை காலை லிசாந்த்ரோ மறுபடி போனில் வந்தார்.

"சிஸ்டர், நானே பார்பரோவுக்குப் போன் போட்டேன். குடைக்கும் அவருக்கும் நடுவுல ஒருத்தி பூந்துட்டாளாம். வெள்ளைக் கோட்டு. 'ஒண்ணு கேக்கணும், அவ்வளவுதான்'னு உள்ள போயி, கோழியோட வந்தாளாம். அதுக்கு முன்ன அரைமணி நேரம் அவர் மூக்குக்கு நேராவே நின்னாளாம்."

கடை என் வாசல் ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்த வெள்ளைக் கோட்டை நான் செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. கல்யாண கேக் இந்த வருஷத்தில் லேசான விஷயமா?

"அந்த அம்மா கெடைச்சா இருபத்தொண்ணு. யாருன்னு ஏதாவது தெரியுமா?"

"தெரிஞ்சா அவளுக்குப் பதினாலு நாள் வீட்டுக் காவலா?"

"ஆமா."

"கணக்குல கொஞ்சம் தள்ளுபடி கெடையாதா, ராசா? இருபதே முக்கால்?"

"அப்படி ஆள் கெடையாது, சிஸ்டர்."

அவள் குளிர்பெட்டியைத் திறந்து கல்யாணக் கோழியைப் பார்த்தாள். மூடினாள். "எழுதிக்கோ. சொராய்தா. வயசு நாப்பத்தொம்பது."

மறுமுனையில் பென்சில் நின்றது. "உங்க நர்ஸ் கார்டுல அம்பத்தெட்டுன்னு இருக்கே?"

"நோய்க்குப் பேரு போதும். வயசு எதுக்கு?"

பேட்டை மூடப்படவில்லை. ஆகவே சனிக்கிழமை பதிவாளர் வர முடிந்தது, நடைபாதை வரைக்கும். சொராய்தா ஜன்னல் கம்பிக்கு உள்ளே, நெமேசியோ இரண்டு மீட்டர் தள்ளி வெளியே. மோதிரம் துடைப்பக் கட்டையின் நுனியில் போனது. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் தடவை, மூன்றாம் கல்யாணம் முடிந்தது. கோழியை அவளே சோற்றோடு சமைத்து அவளே தின்றாள்; வெளியே எங்களுக்கு நெமேசியோவின் அக்கா செய்த கேக்.

வாழ்த்துச் சொல்லிக் கேக் வாங்கும் வரிசை முடிதிருத்தும் கடை வரைக்கும் நீண்டது என்று சொல்வேன், யாரும் அளக்கவில்லை. அப்போது சைக்கிளில் வந்திறங்கிய ஒல்லி வாலிபர் ஒருவர் நேரே ஜன்னலுக்குப் போனார்.

"சிஸ்டர், நான்தான் லிசாந்த்ரோ. ஒண்ணு கேக்கணும், அவ்வளவுதான்."

சொராய்தா கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி, தெருவின் அந்தக் கோடியைக் காட்டினாள்.

"கடைசி ஆள் யாருன்னு மொதல்ல அங்க போய்க் கேளு."

கேட்டார். நான்தான் என்றேன். அது எனக்கு இரண்டாவது கேக்.