ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் நாலு ஸ்பூன்

பம்பாயில் பெரியம்மா வீட்டு ஃப்ரிட்ஜில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் நாலு எவர்சில்வர் ஸ்பூன்கள் கிடக்கும். கைப்பிடியில் கொடி போட்ட இரண்டும் பெரியம்மாவுடையவை. வெறும் பிடி இரண்டும் என்னுடையவை. ஒருநாள் பெரியப்பா அவசரத்தில் ஒன்றை எடுத்து மோரைக் கலக்கிவிட்டார். அன்றைக்கு நடந்த ரகளை கீழே மாட்டுங்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்பவன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த ஸ்பூன்கள் மோருக்கு இல்லை, கண்ணுக்கு. காலேஜுக்குப் போகிற வழியில் தினம் காலையில் அங்கே ஏறிவிடுவேன். ஹால் மொசைக் தரையில் நானும் பெரியம்மாவும் அக்கம்பக்கமாக மல்லாந்து படுத்து, ஆளுக்கு இரண்டு ஸ்பூனைக் கவிழ்த்துக் கண்ணுக்குக் கீழே வைத்துக்கொள்வோம். முதலில் சுரீரென்று இருக்கும். பிறகு மரத்துப்போகும். மேலே ஃபேன் சுற்றும். பெரியம்மா மெல்லிய குரலில் ஏதாவது ஊர்வம்பு சொல்லிக்கொண்டிருப்பாள். நாள் முழுக்க என் முகத்தை யாரும் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். அதனால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

விஷயம் என்னவென்றால், எனக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு பை. சும்மா நிழல் இல்லை, நிஜப் பை. அம்மாவழித் தாத்தாவின் சொத்து அது. ஹாலில் மாட்டியிருந்த படத்தில் தலைப்பாகையும் பையுமாக அவர் உட்கார்ந்திருப்பார், ஊருக்கே துக்கம் சொல்லப் போகிறவர் மாதிரி. அம்மாவுக்கு அவருடைய கோபம் வந்தது, பெரியம்மாவுக்குக் கண் வந்தது. அந்தக் கண் அம்மாவைத் தாண்டிக் குதித்து என்னிடம் வந்துவிட்டது. காலேஜில் சேர்ந்த முதல் வாரமே பொருளாதார வாத்தியார் என்னை எழுப்பி நிறுத்தி, வீட்டில் யாராவது போய்விட்டார்களா, வேண்டுமானால் வீட்டுக்குப் போகலாம் என்று கனிவாகச் சொன்னார். கிளாஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் பை இன்னும் உப்பும் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் பெரியம்மா அதை ஜெயித்தவள். நான் ஸ்கூல் கடைசி வருஷத்தில் இருந்தபோது, புனா பக்கம் ஏதோ இயற்கை வைத்திய ஆசிரமம் என்று சொல்லிவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் காணாமல் போனாள். திரும்பி வந்தபோது கறுப்புக் கண்ணாடி. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பஜனைக்கு வந்த மாமிகள் எல்லோருக்கும் முன்னால் கண்ணாடியைக் கழற்றினாள். பாட்டு நின்றது. பை இருந்த இடமே தெரியவில்லை. பத்து வயசைக் கழற்றிப் புனாவிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தாள். "என்ன பண்ணினேள், என்ன பண்ணினேள்?" என்று மாமிகள் மொய்த்தார்கள். பெரியம்மா சாவகாசமாகச் சொன்னாள்: உப்பைப் பாதியாகக் குறை. ஊறுகாய், அப்பளம், வடாம் தொடாதே. தலைமாட்டை உயர்த்திப் படு. காலையில் ஆறின டீத்தூளை மெல்லிய துணியில் முடிந்து ஒத்திக்கொள். உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து வை. கடைசியில் ஐஸ் ஸ்பூன்.

அவ்வளவுதான், அந்தக் கட்டிடமே உப்பைக் கைவிட்டது. இரண்டாவது மாடி மாமி ஒருநாள் அழாக்குறையாக வந்து நின்றாள். "எங்காத்துக்காரர் சாம்பாரை ஒரு வாய் போட்டுண்டார், சட்டையை மாட்டிண்டு ஹோட்டலுக்குக் கிளம்பிட்டார். இனிமே அங்கேதானாம்." பெரியம்மா அசரவே இல்லை. "கண்ணு வேணுமா, அவர் வேணுமா, நீங்களே யோசிச்சுக்கோங்கோ" என்றாள். பெரியப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. அவர் எதற்குச் சிரித்தார் என்று அப்போது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நானும் அவள் சொன்னபடி எல்லாம் செய்தேன். செம்பூரில் எங்கள் வீட்டில் தலையணைக்கு அடியில் இரண்டு டெலிபோன் டைரக்டரியை வைத்துக் கழுத்து வலிக்கத் தூங்கினேன். தயிர்சாதத்தை உப்பில்லாமல் தின்றேன். தயிர்சாதத்துக்கு மாவடு இல்லை என்றால் வாழ்க்கையில் என்ன மிச்சம் இருக்கிறது, சொல்லுங்கள். ஸ்பூன் வைத்து எழுந்ததும் கண்ணாடியில் பார்ப்பேன். கொஞ்சம் வற்றின மாதிரிதான் இருக்கும். மாட்டுங்காவிலிருந்து காலேஜ் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும். "உனக்குப் பொறுமை போறாது. எனக்கு மட்டும் ஒரே நாள்லயா போச்சு?" என்பாள் பெரியம்மா. அவள் கண்ணைப் பார்ப்பேன். ஆதாரம் கண்ணெதிரே இருக்கும்போது எப்படிச் சந்தேகப்படுவது? அந்த இடது கண்ணில் மட்டும் எப்போதும் நீர் கசியும். ஊதுபத்திப் புகை என்று தலைப்பால் ஒற்றிக்கொள்வாள். ஊதுபத்தி ஏற்றாத நாளிலும் ஒற்றிக்கொள்வாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு விமான கம்பெனியின் டிக்கெட் கவுன்டரில் உட்கார வேண்டும். ஃபோர்ட்டில் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., சாயம்போகாத பட்டுப் புடவை, "குட் மார்னிங் சார்." சிரிக்காதீர்கள், அந்த வயதில் அதுதான் எனக்கு சொர்க்கம். பி.ஏ. முடித்ததும் இன்டர்வியூ வந்தது. இங்கிலீஷ் பேசினேன், கணக்குப் போட்டேன், உலகப் படத்தில் கேட்ட ஊரையெல்லாம் தொட்டுக் காட்டினேன். கடைசியில் அங்கிருந்த அம்மாள் ரொம்பத் தன்மையாகக் கேட்டாள், உடம்பு சரியில்லையா என்று. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். கவுன்டருக்கு வருகிறவர்கள் களைத்த முகத்தைப் பார்க்க விரும்ப மாட்டார்கள், உடம்பைத் தேற்றிக்கொண்டு மழைக்காலம் முடிந்து மறுபடி வா என்றாள்.

நேராகப் பெரியம்மாவிடம்தான் ஓடினேன். அன்றைக்கு அம்மாவும் அங்கே இருந்தாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"உப்பு தின்னிருக்கே."

"இல்லை பெரிம்மா."

"பொய் சொல்லாதே. குர்லா ஸ்டேஷன்ல வண்டி மாறச்சே பட்டாட்டா வடை தின்னியோன்னோ? சத்தியமா சொல்லு."

தின்றிருந்தேன். எப்போதோ ஒரு மழை நாளில், பசி தாங்காமல், உருளைக்கிழங்கு வடை ஒன்று. ஒப்புக்கொண்டேன். "அதான்" என்றாள் பெரியம்மா. ஒரு வடைக்காக ஒரு வேலையை, ஒரு சொர்க்கத்தைக் கோட்டைவிட்டுவிட்டோம் என்று நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு காம்பை எடுத்து, அதில் இலையே இல்லாவிட்டாலும், உருவிக்கொண்டே இருந்தாள்.

செம்பூரில் பிரிவினை அகதிகளுக்கான கேம்ப்பில் என் சிநேகிதி ஒருத்தி இருந்தாள், சிந்திப் பெண். இந்த வடைக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அரே பாகல், ஸ்பூன் வெச்சா மூஞ்சி மாறுமா?" அவளுடைய அக்காவுக்கு மூக்கைச் சரிபண்ணின சர்ஜன் ஒருவர் இருந்தார். பணம் கிணம் அப்புறம், முதலில் போய்க் கேட்டுப் பார் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். வயதான பார்சி டாக்டர். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து, அவசரமில்லாமல் பேசினார். என் கீழ் இமையை விரலால் லேசாக அழுத்தினார். மேலே பார்க்கச் சொன்னார். பை முன்னால் பிதுங்கியது. இது தூக்கம் போதாததால் வந்ததில்லை, உப்பால் வந்ததில்லை என்றார். கண் விழியைச் சுற்றி எல்லோருக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு. சில குடும்பங்களில் அதைத் தாங்குகிற சவ்வு பலமில்லாமல் இருக்கும், கொழுப்பு முன்னால் சரிந்துவிடும். உப்பைக் குறைத்தால், ஜில்லென்று வைத்தால், மேலே ஊறியிருக்கும் நீர் கொஞ்ச நேரம் வற்றும். கொழுப்பு எங்கேயும் போகாது. அதை எடுக்க வேண்டும் என்றால் இமை மயிருக்குக் கீழே ஓரமாக வெட்டி எடுத்துத் தைக்க வேண்டும். தழும்பு மயிரிழைதான், தேடினால்தான் தெரியும்.

"வடை தின்றால்?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. சிநேகிதி விளக்கிச் சொன்னாள். தின்னலாம் என்றார்.

பிறகு மேஜை டிராயரைத் திறந்தார். வெட்டுவதற்கு முன் நல்லதும் கெட்டதும் இரண்டையும் காட்டிவிடுவது தன் பழக்கம் என்றார். படங்களில் நெற்றியும் மூக்குக்குக் கீழேயும் வெட்டப்பட்டிருந்தன, யாருடைய முகம் என்று தெரியக்கூடாது என்பதற்காக. வெறும் கண்கள். முதல் ஜோடி, இரண்டாவது ஜோடி எல்லாம் அழகாக இருந்தன. மூன்றாவதை என் முன்னால் வைத்தபோது, என்னை எப்போது போட்டோ எடுத்தார் என்று ஒரு நிமிஷம் திகைத்தேன். என் கண்கள். என் பைகள். தாத்தாவின் துக்கம். பக்கத்திலேயே ஆபரேஷனுக்குப் பின் எடுத்த படம். பைகள் இல்லை. இடது கீழிமை மட்டும் கொஞ்சம் கீழே இழுபட்டு, வெள்ளைவிழி ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தது. டாக்டர் பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். தோலைத் துளி அதிகமாக எடுத்துவிட்டால் இப்படி ஆகும், இந்தக் கண்ணில் நீர் வடியும், தூங்கும்போது முழுசாக மூடாது, உனக்குச் சின்ன வயது, சில வருஷம் பொறுத்துக்கொள் என்றார். அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. ஊதுபத்திப் புகை என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில், காலேஜ் முடிந்த பிறகும் விடாத வழக்கப்படி, போனேன். பெரியம்மா ஃப்ரிட்ஜைத் திறந்து என்னுடையதை என்னிடம் நீட்டினாள். படுத்தோம். ஃபேன் சுற்றியது. யாருடைய பெண்ணுக்கோ சூரத்தில் வரன் வந்திருப்பதாக ஆரம்பித்தாள். நான் என் ஸ்பூன்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கம் ஒருக்களித்தேன்.

"பெரிம்மா, கண்ணை மூடு."

"மூடிண்டுதானேடி இருக்கேன்."

"முழுசா மூடு."

அவள் இடது கண்ணிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். வலது கண் மூடியிருந்தது. இடது கண்ணில் இமைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு, ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் என் பக்கத்தில், தேவையே இல்லாத இரண்டு ஸ்பூனைத் தாங்கிக்கொண்டு படுத்திருந்த கண்.

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்து, தலைப்பை இழுத்துக்கொண்டு, "யார் சொன்னா?" என்று கேட்டாள்.

"நீயேதான். போட்டோல."

"கழுத்தறுத்துட்டானா அந்த டாக்டர்?"

"அவர் பேரே சொல்லலை. நீதான் என் கழுத்தை அறுத்தே. வடைன்னியே பெரிம்மா. அழுதேனே நான்."

"பின்னே என்னடி சொல்லச் சொல்றே? அழகுக்காகக் கத்தி வெச்சுண்டேன்னா? இந்த மாட்டுங்கால நான் தலைகாட்ட முடியுமா? அதுவும் ஒழுங்கா வந்துதா? ராத்திரி ராத்திரி களிம்பு போட்டுண்டு, துணியைக் கட்டிண்டு தூங்கறேன். உன் கண்ணும் இப்படி ஆகணுமா?"

"அதைச் சொல்லியிருக்கலாமே."

அவள் தரையில் கிடந்த ஸ்பூன்களைப் பொறுக்கி எடுத்தாள். அம்மாவிடம் சொல்லப்போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். அப்போதுதான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்கம்மாதான் ஆஸ்பத்திரில கூட இருந்தா."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா புனாவில் இருந்ததாகச் சொன்ன அந்த மாதம் ஞாபகம் வந்தது. அம்மா தினம் மத்தியானம் மாட்டுங்கா கோவிலுக்குப் போவாள், கையில் டிபன் கேரியரோடு. சாமிக்கு ரசம் எதற்கு என்று நான் கேட்டு, அம்மா முதுகில் ஒன்று வைத்ததும் ஞாபகம் வந்தது. முருங்கைக்கீரைக் காம்பு ஞாபகம் வந்தது. ஏமாற்றினவளை விட, ஏமாற்றுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மேல்தான் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு அம்மா ஒரே வரிதான் சொன்னாள். "அக்கா சத்தியம் வாங்கிண்டா. நான் என்ன பண்ண?" அக்காவுக்கு ஒரு சத்தியம் கிடைத்தது. மகளுக்கு ஒரு வடை கிடைத்தது.

மழைக்காலம் முடிந்து இரண்டாவது இன்டர்வியூவுக்குப் பையோடுதான் போனேன். அந்த அம்மாள் மறுபடி தன்மையாகப் பார்த்தாள். "நன்றாகத் தூங்கினேன் மேடம், இது எங்கள் தாத்தா" என்றேன். சிரித்துவிட்டாள். கவுன்டர் கிடைக்கவில்லை. உள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், டெலிபோனில் சீட் பதிவு செய்கிற பிரிவில் போட்டார்கள். குரல் ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது என்று முகம் தெரியாத ஆட்கள் பாராட்டுகிறார்கள். ஆபரேஷன் செய்துகொள்வேனா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை. செய்துகொண்டால், கண்ணில் கட்டோடு செம்பூரில் ரயிலேறி லேடீஸ் கம்பார்ட்மென்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே போவேன் என்பதை மட்டும் முடிவு பண்ணிவிட்டேன்.

போன வாரம் எங்கள் வீட்டுக்கும் ஃப்ரிட்ஜ் வந்தது. பெரியம்மா வரவில்லை. அம்மா மாட்டுங்கா போய்விட்டு வந்து, பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தாள். என்னுடைய அந்த வெறும் பிடி ஸ்பூன்கள் இரண்டும். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஸ்பூன் குளிரும் வரை காத்திருந்து, நான் ஒன்றை எடுத்தேன். மாவடு ஜாடியைத் திறந்து, அடியில் தேங்கியிருந்த உப்புச் சாற்றை வழித்துத் தயிர்சாதத்தில் விட்டுக்கொண்டேன்.

"ஜாஸ்தி உப்புடி" என்றாள் அம்மா, பழக்க தோஷத்தில். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா என் கையிலிருந்த ஸ்பூனை வாங்கிக் கழுவினாள். முந்தானையால் நன்றாகத் துடைத்தாள். மறுபடியும் ஃப்ரிட்ஜைத் திறந்து, இன்னொரு ஸ்பூனுக்குப் பக்கத்தில், இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே எதுக்கும்மா அது அங்கே?"

"அக்கா வந்தா பார்ப்பா" என்றாள்.