டார்லீன் வீடு மாறிய கதை

டார்லீன் குச்சேரா எதையும் தள்ளிப்போடுகிறவள் அல்ல. அதுதான் அவளிடம் உள்ள கெட்ட குணம். மற்றவர்கள் வீடு மாறினால் ஆறு மாதம் ஆனாலும் பழைய விலாசத்தோடுதான் வண்டி ஓட்டுவார்கள். இவளோ நெப்ராஸ்காவிலிருந்து மிசௌரி ஆற்றைத் தாண்டி அயோவாப் பக்கம் குடிவந்த மூன்றாம் நாளே, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், டிரைவிங் லைசென்ஸை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஐம்பத்துமூன்று வயதில் முதல் முறையாக அதில் படம் வேறு நன்றாக விழுந்திருந்தது.

இருபத்தாறு வருடமாக அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் நடக்க வைக்கிற வேலை. அந்தத் தொழில் லைசென்ஸ் நெப்ராஸ்காவில் வாங்கியது. மாநிலங்களுக்கு இடையே இருந்த ஒப்பந்தப்படி, அதை வைத்தே அயோவாவிலும் வேலை பார்க்க அனுமதி எடுத்திருந்தாள். தினமும் நாலு தடவை பாலம் தாண்டுகிற அலைச்சல் வேண்டாமென்றுதான், நோயாளிகள் அதிகம் இருக்கிற இந்தப் பக்கமே வீடு பார்த்தாள்.

விலாசம் மாறியதை அயோவா லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தானாகவே எழுதித் தெரிவித்தாள். அயோவா அனுமதி செல்லாது என்று பதில் வந்தது. எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று நினைத்து அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்," என்றாள் எதிர்முனைப் பெண், தேன் ஒழுகும் குரலில். "நீங்க வெளி மாநிலத்துக்காரங்களா இருந்தவரைக்கும் அந்த அனுமதி செல்லும். இப்ப எங்க ஆளாயிட்டீங்க. எங்க ஆளுன்னா எங்க லைசென்ஸ் வேணும்."

"அப்ப அங்க குடியிருந்தா இங்க வேலை பாக்கலாம்?"

"பாக்கலாம்."

"இங்கயே குடியிருந்தா இங்க பாக்கக் கூடாது?"

"கரெக்ட்."

"இங்க இருந்துகிட்டு அங்க பாக்கலாமா?"

"நெப்ராஸ்கா லைசென்ஸ்தான் அப்படியே இருக்கே மேடம். தாராளமா பாக்கலாம்."

டார்லீன் போனை வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் ஆறு வரைந்தாள், இரண்டு பக்கமும் வீடு வரைந்தாள், அம்புக்குறி போட்டாள். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. அயோவா லைசென்ஸ் வாங்கக் கைரேகை எடுக்க வேண்டும், சட்டப் பரீட்சை எழுத வேண்டும், பழைய மாநிலம் நேரடியாகச் சான்று அனுப்ப வேண்டும். எல்லாம் முடிய ஆறு, ஏழு வாரமாவது ஆகும்.

அவளுடைய நோயாளி வெண்டல் ஃப்ரீஸுக்கு அவ்வளவு நாள் இல்லை. நாலு வாரத்தில் மக்காச்சோள அறுவடை. எழுபது வயது, முழங்கால் மூட்டு மாற்றி மூன்று வாரம், வீடு அவள் புது வீட்டுக்கு அடுத்த வீடு. அறுவடை எந்திரத்தில் ஏற ஐந்து படி. இந்த வருடம் ஏற முடியாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று மனைவி ஆர்லிஸிடம் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட ஆள். டார்லீன் வேலை பார்க்கும் கம்பெனியிலோ வேறு ஆள் அனுப்ப ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

டார்லீன் போய் விஷயத்தைச் சொன்னபோது ஆர்லிஸ் மிளகாய் சூப்பையும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியையும் அவள் முன்னால் தள்ளினாள்.

"இதுக்குப் போயா மூஞ்சிய தொங்கப்போட்டிருக்க? நான் இவரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டிட்டு வரேன். அங்க வச்சுப் பாரு."

டார்லீனுக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது. பிறகு போனது. "முடியாது ஆர்லிஸ். வீட்டை விட்டு வெளிய போக முடியாதவங்களுக்குத்தான், வீட்டுக்கே ஆள் அனுப்புற இந்த இன்சூரன்ஸ். பாலம் தாண்டினா, இவருதான் வெளிய போறாரேன்னு நிறுத்திடுவாங்க."

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப எழுந்து நடக்கணும்னா நான் படுத்தே கிடக்கணும்?"

டார்லீன் முன்பே கொடுத்திருந்த பயிற்சித்தாள் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தது. "அதை மட்டும் விடாம செய்ங்க," என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொல்வதும் லைசென்ஸ் இல்லாத வைத்தியமாகிவிடுமோ என்று தெரியாமல் ரொட்டியைக் கடித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். வெண்டல் கொல்லைப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். மனுஷன் பிடிவாதமாக ஆபரேஷன் செய்த காலையே வைத்தார். டார்லீனுக்கு அழுகையே வந்தது. திரையை இழுத்து மூடினாள், மறுபடி திறந்தாள்.

அறுவடை நாள் வந்தது. லைசென்ஸ் வரவில்லை. பச்சை எந்திரம் வயலோரம் நின்றது. டார்லீன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆர்லிஸுக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதில் வெண்டல் நின்றுவிட்டார். கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிட்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

டார்லீனின் கை பையிலிருந்து பாதி வந்து நின்றது. பிடித்தால் அது வைத்தியமா, ஒத்தாசையா? இதை அந்தப் போன் பெண்ணிடம் கேட்காமல் விட்டோமே என்று நினைத்தாள்.

வெண்டல் திரும்பாமலே கேட்டார். "ஏம்மா, பக்கத்து வீட்டுக்காரியா இருக்கறதுக்கும் லைசென்ஸ் வரணுமா?"

டார்லீன் பாய்ந்துபோய் அவர் இடுப்பில் கை கொடுத்தாள். "நல்ல கால் முதல்ல, வெண்டல்! நாலு வாரமா தப்பா ஏறிட்டிருக்கீங்க!"

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

நல்ல கால் மேலே போனது. பின்னாலேயே மற்றது. அவர் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினார், எந்திரம் உறுமியது, ஆர்லிஸ் கையைத் தட்டினாள். டார்லீன் தன் கைகளைப் பார்த்தாள். அவற்றை மறுபடி பைக்குள் வைப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.