அம்மாவைக் கடித்த பாம்பு

நேற்று குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். கனவில் பாம்பு வந்தால் என்ன பலன் என்று யாரோ ஒருவர் விளக்குகிறார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நான் அந்தக் குழுவில் எதுவும் எழுதுவதில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருஷம் கழித்தும் ஆத்திரம் வந்தது.

இலஞ்சியில் எங்கள் வீட்டில் கனவுக்குப் பலன் சொல்கிறவர் பெரியப்பா. காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் என்றால் தெருக்காரர்கள் வந்து கேட்பார்கள். பாம்பு வழியை மறித்தால் புறப்படக் கூடாது. கடித்து ரத்தம் வந்தால் பிடித்த சனி விட்டது. அவர் கனவில் மட்டும் பாம்பு எப்படி வந்தாலும் யோகம்தான். புளியறையைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் லாட்டரிச் சீட்டு வாங்கி வருவார். ஒருநாளும் பரிசு விழுந்ததில்லை. அது ஏன் என்று யாரும் அவரைக் கேட்டதுமில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும், அருவிக்குப் போகும் வழியில் பழக்கடை போட்டிருந்த சித்தி, கூட நிற்க அம்மாவைக் கூப்பிட்டாள். லாரி ஓட்டும் அப்பா சரி என்றுவிட்டுக் கேரளா போய்விட்டார். தம்பி பெண்டாட்டி ரோட்டில் நின்று பழம் விற்பதா என்று பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா, கனவில் ஒரு பாம்பு வாசலில் குறுக்கே கிடந்தது என்று பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அவருக்கு அது போதும். சீசன் முடிகிற வரை அம்மா வேலைக்கென்று படி தாண்டக் கூடாது, வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் ஊற்ற வேண்டும் என்றார். புற்றுக்குப் போகலாம், பழக்கடைக்குத்தான் ஆகாது.

சீசன் யாருக்காகவும் காத்திருக்காது. வேறு ஆள் பார்க்கட்டுமா என்று சித்தி கேட்டு அனுப்பினாள்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள். அவர் காதில் அது விழுந்திருக்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை வாசலில் டீக்கடைக்காரர் பெரியப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, பெரியப்பாட்ட சொல்லு. அந்தப் பாம்பு நேத்து ராத்திரி திரும்ப கனவுல வந்து என்னையக் கடிச்சிட்டுன்னு."

சொன்னேன்.

"எங்க கடிச்சுதுன்னு கேளு," என்றார் பெரியப்பா.

"வலது கால் பெருவிரல்ல."

"ரத்தம் வந்துதாமா?"

"நல்லா வந்துதுன்னு சொல்லு."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப சனி விட்டுட்டுல்லா அண்ணாச்சி. போன வாரம் எனக்கும் இதத்தான சொன்னிய."

பெரியப்பா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போவணும்னா போவச் சொல்லு," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மா அன்றைக்கே குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். ஒரு மனுஷி பிழைக்கப் போவதற்குப் பாம்பு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்த வீடு அது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் வேறு. முந்தின ராத்திரி எனக்குக் காதுவலி. விடிகிற வரை அம்மா என்னை மடியில் போட்டு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு பொட்டுக்கூடக் கண் மூடவில்லை. என்னை வலியோடு விட்டுவிட்டு இவள் எந்த நேரத்தில் தூங்கினாள், எப்போது கனவு கண்டாள் என்று, பள்ளிக்கூடம் விடுகிற வரை அம்மாமேல் பொருமிக்கொண்டே இருந்தேன்.